விலை வரைந்த கோடு – 11: போடியில் வரைய முடியாத கேண்டில்

2019 ஆகஸ்ட் 3. இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. ஏலமலையில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத விலை. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருமழை ஏலத்தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. செடி அழுகியது, மண் சரிந்தது, அடுத்த ஆண்டு காய் வரத்து சுருங்கியது. இருக்கிற காய்க்கு வியாபாரிகள் போட்டி போட்டார்கள்.

அந்த 7,000 இன்றைக்கும் விலைச் சார்ட்டில் தெரியுமா? எந்தச் சார்ட்டைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாள்தோறும் வந்த அதிகபட்ச விலையைப் புள்ளியாக வைத்து இழுத்த கோட்டில் அது மலைமுகடு. சராசரி விலையை வைத்து இழுத்த கோட்டில் அந்த எண்ணே கிடையாது. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. ஒரே நாள், ஒரே கூடம், ஒரே வரத்து. கோடு மட்டும் இரண்டு.

பங்குச் சந்தையில் சார்ட் எப்படி உருவாகிறது என்பதைச் சென்ற சில இதழ்களாகப் பார்த்து வருகிறோம். அந்த முறையை அப்படியே போடிநாயக்கனூர் (போடி) ஏலக்காய் ஏலத்துக்குக் கொண்டுவந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று பார்த்தால், பங்குச் சார்ட்டைப் பற்றியே சில விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒரு வர்த்தகம், மூன்று எண்கள்

முதலில் பழைய பாடம், சுருக்கமாக. தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு விழுகிறது. எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு, எத்தனை பங்கு என்ற மூன்றும்தான் அதில் முக்கியம். சார்ட்டின் மூலப்பொருளே இதுதான்.

பரபரப்பான ஒரு பங்குக்கு ஒரு நாளில் இப்படி லட்சக்கணக்கில் பதிவுகள் விழும். அவற்றை அப்படியே வரைந்தால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அதனால் நேரத்தைத் துண்டு போடுகிறார்கள். காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடங்கள். ஐந்து நிமிடத் துண்டு என்றால் நாளுக்கு 75 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் முதல் வர்த்தகத்தின் விலை தொடக்கம், கடைசி வர்த்தகத்தின் விலை முடிவு. இடையில் தொட்ட உச்சம் ஒன்று, தாழ்வு ஒன்று. இந்த நான்கையும் சேர்த்து வரைந்தால் ஒரு கேண்டில். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்டது அதன் உடல். உச்சமும் தாழ்வும் மேலும் கீழும் நீளும் திரி. கைமாறிய பங்குகளின் மொத்த எண்ணிக்கை அடியில் தனிக் கம்பமாக நிற்கும்.

நாள் கணக்கில் வரையும்போது ஒரு சிறு மாற்றம் உண்டு. நாளின் ‘முடிவு விலை’ என்று நம் சந்தைகள் நெடுங்காலமாக அறிவித்து வந்தது கடைசி வர்த்தகத்தின் விலையை அல்ல. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வர்த்தகங்களை எண்ணிக்கைக்கு ஏற்ப எடைபோட்டு எடுத்த சராசரியை. 3.29-க்கு யாராவது பத்துப் பங்கை ஏடாகூடமான விலைக்கு வாங்கி, அந்த நாளின் முடிவையே திருப்பிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. சந்தை தொடங்கும்போதும் அப்படித்தான்: 2010 முதல், சந்தை திறக்கும் முன் கால் மணி நேரத்தில் வந்து குவியும் ஆர்டர்களை ஒன்றாகப் பொருத்தித்தான் தொடக்க விலையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆக, கேண்டிலின் நான்கு விலைகளில் இரண்டு, விதி வகுத்துச் செய்த விலைகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போகலாம்.

மலை அங்கே, சந்தை இங்கே

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் இன்றைய கேரளத்தின் இடுக்கி மலைகளில். திருவிதாங்கூர் அரசு 1897-இல் அந்த மலைப்பரப்பை ஏலமலைக் காடு என்று தனியே அறிவித்தது. ஆனால் மலையேறித் தோட்டம் போட்டவர்களிலும், காய் எடுக்கப் போனவர்களிலும், முன்பணம் கொடுத்துக் காயை வாங்கியவர்களிலும் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள் ஏராளம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் போடி. 1928-இல் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் போடி வரை வந்ததும், மலைச் சரக்குக்கு அடிவாரத்திலேயே ஒரு ரயிலடி கிடைத்தது. இன்றும் விடிகாலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை அள்ளிக்கொண்டு பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. காய் இறங்குகிறது, ஆள் ஏறுகிறது.

விலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது சட்டத்தின் வழியே. 1965-இல் ஏலக்காய்ச் சட்டம், 1966-இல் ஏலக்காய் வாரியம். 1987-இல் அந்த வாரியம் இன்றைய நறுமணப் பொருள் வாரியத்துக்குள் கரைந்தது. ஊரில் ‘ஸ்பைசஸ் போர்டு’ என்றால்தான் தெரியும். உரிமம் பெற்ற ஏல நிறுவனம் ஏலத்தை நடத்த வேண்டும், உரிமம் பெற்ற வியாபாரி கேட்க வேண்டும் என்பது அதே ஆண்டில் வந்த விதிகளின் அடிப்படை.

அப்போதெல்லாம் கூவி எடுக்கும் ஏலம். யார் எவ்வளவு கேட்டார், யார் எந்த இடத்தில் பின்வாங்கினார் என்பது கூடத்தின் காற்றோடு போயிற்று. முடிந்த விலை மட்டும் ஏட்டில் ஏறியது. பம்பாய் பங்குச் சந்தையின் கூச்சல் வளையத்திலும் 1990-களின் நடுப்பகுதி வரை இதே நிலைதான். 1994-இல் தேசியப் பங்குச் சந்தை திரை வணிகத்தைத் தொடங்கி, மறு ஆண்டே பம்பாயும் திரைக்கு மாறிய பிறகுதான் வர்த்தகத்துக்கு வர்த்தகம் கடிகார நேரம் ஒட்டிய பதிவு கிடைத்தது. ஏலக்காய்க்கு அந்தத் திருப்பம் 13 ஆண்டு தாமதமாக வந்தது. 2007-இல் மின்னணு ஏலம் தொடங்கியது. வியாபாரிகள் கையுயர்த்துவதை விட்டுப் பொத்தானை அழுத்தத் தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் போடி, புற்றடி இரண்டு கூடங்களும் இணையம் வழியே இணைந்தன. ஒரே லாட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்தவரும் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

அப்படியானால் மூலப்பொருள் தயார். நேரம் இருக்கிறது, விலை இருக்கிறது, கிலோ இருக்கிறது. கேண்டில் வரைய வேண்டியதுதானே?

கடைசி லாட்டின் விலை எதைச் சொல்கிறது?

கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். விவசாயி கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஏல நிறுவனம் மாதிரி எடுத்து, லாட் எண் கொடுத்துப் பட்டியல் போடுகிறது. லாட்டின் முறை வந்ததும் மாதிரிக் காய் வியாபாரிகளின் மேசைக்கு வருகிறது. தட்டில் கொட்டி விரலால் கலைக்கிறார்கள். நிறம் பச்சையா, வெளிறியதா. காய் உருண்டு திரண்டதா, வாய் பிளந்ததா. நகத்தால் தோலைக் கீறி உள்ளே அரி கறுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. பருமன் மில்லிமீட்டரில் பேசப்படும். கனம் ‘லிட்டர் வெயிட்’: ஒரு லிட்டர் அளவையில் கொட்டினால் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு. அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி பச்சை எக்ஸ்ட்ரா போல்டு’ என்றால் பருமன் 7 மி.மீ., லிட்டர் எடை 435 கிராம். வெறும் ‘போல்டு’ என்றால் 6 மி.மீ., 415 கிராம். இந்தச் சோதனையெல்லாம் முடிந்து விலை ஏறி நிற்பதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அடுத்த லாட் வந்துவிடும்.

இப்போது சிக்கல் புரியும். காலையில் முதலில் போன லாட்டின் விலைதான் ‘தொடக்கம்’, கடைசியாகப் போனதுதான் ‘முடிவு’ என்று வைத்தால், அது சந்தையின் மனநிலையைச் சொல்லாது. பட்டியலில் எந்தக் காய்க்கு எந்த எண் விழுந்தது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். கடைசி லாட் வாய் பிளந்த காயாக இருந்தால் கேண்டில் சிவப்பாகும். எட்டு மில்லிமீட்டர் பச்சைக்காயாக இருந்தால் பச்சையாகும். காலைக்கும் மாலைக்கும் நடுவே விலை அசையாமல் இருந்தாலும் இதே கூத்து நடக்கும்.

டாடா ஸ்டீலின் ஒரு பங்கும் இன்னொரு பங்கும் ஒன்றுதான். 9.15-க்கு விற்ற பங்குக்கும் 3.30-க்கு விற்ற பங்குக்கும் நிறம் வேறு, கனம் வேறு என்று கிடையாது. அதனால்தான் முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் இடையே கோடு போட்டால் அதற்கு அர்த்தம் வருகிறது. கேண்டிலின் அடித்தளத்தில் இருக்கும் இந்த நிபந்தனையைப் பங்குச் சந்தையில் யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லவேண்டிய தேவை அங்கே எழுவதும் இல்லை.

ஸ்பைசஸ் போர்டும் கேண்டிலுக்கு ஆசைப்படவில்லை. அது நாள்தோறும் வெளியிடும் அட்டவணையில் ஏல நாள், ஏல நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று கட்டங்கள் உண்டு. தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, தாழ்வும் இல்லை. கேண்டிலுக்குத் தேவையான நான்கில் உச்சம் ஒன்றுதான் கிடைக்கிறது. செய்தித்தாள்களிலும் செல்பேசிச் செயலிகளிலும் வரும் ஏலக்காய்ச் சார்ட்டுகள் வெறும் கோடுகளாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சராசரியின் சூட்சுமம்

அந்தச் சராசரியும் எளிய ஆசாமி அல்ல. விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை ஏலத்தை நடத்திப் பார்க்கலாம். மூன்றே லாட். பெருங்காய் 50 கிலோ, கிலோ 3,000 ரூபாய். நடுத்தரம் 400 கிலோ, 2,400 ரூபாய். சிறுகாய் 250 கிலோ, 2,000 ரூபாய்.

மூன்று விலைகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சுமார் 2,467. ஆனால் கூடத்தில் கைமாறிய பணம் மொத்தம் 16,10,000 ரூபாய், கைமாறிய காய் 700 கிலோ. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 2,300. சரியான சராசரி இதுதான். பங்குச் சந்தையில் இதே கணக்குக்கு ‘விவாப்’ என்று பெயர், பெரிய நிதி நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் நன்றாக நடந்ததா என்று அளந்துபார்ப்பது இதை வைத்துத்தான். அதிகபட்ச விலையைச் செய்தியாகக் கேட்டுவிட்டு 3,000 கிடைக்கும் என்று மூட்டையோடு மலையிறங்கியவருக்கு, அந்த விலை 50 கிலோவுக்குத்தான் கிடைத்தது என்பது அட்டவணையில் தெரியாது.

மறுநாள் இதே விலைகள். ஆனால் பெருங்காய் யாரும் கொண்டுவரவில்லை. நடுத்தரம் 400 கிலோ, சிறுகாய் 250 கிலோ மட்டும். சராசரி 2,246-க்கு இறங்குகிறது. அதிகபட்சம் 3,000-இலிருந்து 2,400-க்கு விழுகிறது. சார்ட்டைப் பார்ப்பவர் ‘விலை சரிந்தது’ என்பார். எந்தக் காயின் விலையும் ஒரு ரூபாய்கூடச் சரியவில்லை.

இதனால்தான் போடியில் பழகிய வியாபாரி சராசரியைத் தனியாகப் பார்ப்பதில்லை. இன்று என்ன தரம் வந்தது, எந்த எடுப்புக் காய், எந்தப் பகுதித் தோட்டம் என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணுக்கு வருவார். பருவத்தின் முதல் எடுப்பும் கடைசி எடுப்பும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஆண்டுக் கணக்கும் ஜனவரியில் தொடங்குவதில்லை, ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். காலண்டர் ஆண்டுக்கு வரைந்த சார்ட் ஒரே பருவத்தின் அறுவடையை இரண்டாக வெட்டிவிடும்.

ஓசாகா கண்ட வழி

தரம் வேறுபடும் சரக்குக்கு ஒரே விலைக்கோடு வரைவது எப்படி? இந்தக் கேள்விக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டவர்கள், இத்தொடரில் ஏற்கெனவே நாம் சந்தித்த ஓசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தைக்காரர்கள். 1730-இல் ஷோகன் அரசு அங்கீகரித்த அந்தச் சந்தையில் எல்லா அரிசிக்கும் விலை பேசவில்லை. ஒரு குறிப்பிட்ட வகை அரிசியைத் தர அளவாக நிறுத்தி, அதற்கு மட்டும் முன்பேர விலை பேசினார்கள். மற்ற அரிசி அதைவிட இத்தனை கூடுதல், இத்தனை குறைவு என்று கணக்கானது. கற்பனையில் ஒரே சீரான சரக்கு கிடைத்ததும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அர்த்தம் வந்துவிட்டது. முடிவு எது என்பதிலும் அவர்கள் கறாராக இருந்தார்கள். ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்கள். அது எரிந்து தீரும்போது நிற்கும் விலையே அன்றைய விலை. அதற்குப் பிறகும் கலையாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்மேல் தண்ணீரை வாரி இறைத்து விரட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கேண்டில் முறையோடு வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படும் ஹொம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரியும் இந்தச் சூழலைச் சேர்ந்தவர்தான்.

ஏலக்காயும் அந்த வழியில் நடந்திருக்கிறது. 2006-இல் மும்பையின் எம்.சி.எக்ஸ். பொருள் சந்தை ஏலக்காய் முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. ஒப்பந்தத்தில் பருமன், நிறம், எடை எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். யார் விற்றாலும் யார் வாங்கினாலும் அந்த ஒரே தரத்துக்குத்தான் விலை. அங்கே நான்கு விலைகளும் உண்டு, கேண்டிலும் உண்டு. தட்டில் காயைக் கொட்டிப் பார்க்கும் வேலை மட்டும் கிடையாது. அந்த வணிகம் இடையில் மங்கிப்போய் நின்றதற்கு முக்கியக் காரணம் கொடுக்கல் வாங்கல் போதாமை. வர்த்தகமே நடக்காத மணி நேரங்களில் கேண்டில் படுத்த கோடாகிவிடும்; நான்கு விலையும் ஒன்றாக நிற்கும்.

கோட்டில் விழாதவை

ஸ்பைசஸ் போர்டு அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கட்டங்கள் கவனிக்கத்தக்கவை: வந்த கிலோ, விற்ற கிலோ. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. இடைவெளியில் இருப்பது, ‘இந்த விலைக்கு வேண்டாம்’ என்று விவசாயி திருப்பி எடுத்துக்கொண்ட காய். அது விலையாகாததால் கோட்டில் ஏறாது. பங்குச் சந்தையிலும் நிறைவேறாத ஆர்டர்கள் ஏராளம். அவையும் சார்ட்டுக்கு வெளியேதான். ஆனால் அங்கே அந்த எண்ணிக்கையை நாள் முடிவில் ஒரே கட்டத்தில் எழுதி யாரும் நமக்குக் கொடுப்பதில்லை. ஏலக்காய் அட்டவணை கொடுக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு குறை உண்டு. ஏலத்தில் வாங்கிய காயையே சில வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று விவசாயிகள் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கின்றன. ‘ரீபூலிங்’ என்று அதற்குப் பெயர். அது நடந்தால் ஒரே கிலோ இரண்டு முறை வரத்தாகக் கணக்கில் ஏறும்; வரத்து அதிகம் என்ற தோற்றம் விலையை அமுக்கும் என்பது அவர்களின் வாதம்.

பிறகு வெற்றிடங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் ஏலம் நின்றது. மே மாத இறுதியில்தான் புற்றடியில் மறுபடி தொடங்கியது. இரண்டு மாதம் விலையே இல்லை. ஆனால் பெரும்பாலான வரைபட மென்பொருள்கள் அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லை. மார்ச்சின் கடைசிப் புள்ளியையும் மே மாதத்தின் முதல் புள்ளியையும் சாய்கோட்டால் இணைத்துவிடும். ஒரு வியாபாரிகூட வாய் திறக்காத அறுபது நாளுக்கு ஒரு விலை இருந்ததுபோல் காட்டும்.

பங்குச் சார்ட்டில் இதற்கு நேர் எதிரான கைவேலை ஒன்று நடக்கிறது. 2018 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்கின் எண்ணிக்கை இரட்டித்ததால் விலை பாதியானது. அந்தப் பள்ளத்தைச் சார்ட்டில் தேடினால் கிடைக்காது. அதற்கு முந்தைய விலைகளையெல்லாம் பின்னோக்கிப் பாதியாக்கித் திருத்தி வைத்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் உண்மையில் கைமாறிய விலை இன்றைய சார்ட்டில் இல்லை. ஏலக்காய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. கிலோ என்றும் கிலோதான்.

இறுதியாக அளவுகோல். 2019-இல் 7,000-ஐத் தொட்ட அதிகபட்சம் ஒருபுறம். 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்த சராசரி மறுபுறம். இரண்டையும் ஒரே சாதாரணச் சார்ட்டில் அடைத்தால் 2019 மட்டும் கோபுரமாக நிற்கும், மற்ற ஆண்டுகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். 700 ரூபாய் 1,400 ஆனதும் தோட்டக்காரருக்கு வருமானம் இரட்டித்த நிகழ்ச்சிதான். அந்தத் தாளில் அது சிறு மேடு. விகித அளவுகோலில், அதாவது மடங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே உயரம் கொடுத்து வரைந்தால், அந்த ஏற்றமும் 3,500 ரூபாய் 7,000 ஆன ஏற்றமும் சமமாக எழும். பல பத்தாண்டுப் பங்குச் சார்ட்டுகளை வல்லுநர்கள் இப்படி வரைவதுதான் வழக்கம். ஏலக்காய்க்கு அப்படி வரைபவர்கள் அரிது.

2022-இன் சரிவிலிருந்து ஏலக்காய் மீண்டு 2024-இல் மறுபடி மேலேறியது. அந்த ஏற்றத்துக்கு இடுக்கியின் வானிலை மட்டும் காரணம் அல்ல. பூமியின் மறுபக்கத்தில் ஒரு நாட்டில் விளைச்சல் வீழ்ந்ததும் சேர்ந்துதான் போடியின் கோட்டை மேலே தூக்கியது.

*அடுத்த இதழில்: 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோன ஏலச்செடி, உலக ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது எப்படி? அங்கே கோபானில் மழை பொய்த்தால் இங்கே வண்டன்மேட்டில் விலை ஏறுவது ஏன்?*